பாதி ஆட்டம்

பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு விதைக்கடை இருக்கிறது. ராகி விதை, கடலை விதை, உரம், மருந்து, இவற்றோடு கொஞ்சம் அரசியலும் கிடைக்கும் என்று ஒரு காலத்தில் கடைக்குப் பெயர். இப்போது அந்தச் சரக்கு வருவதில்லை. யாராவது வந்து, "நாடு எங்கீங்க போவுது?" என்று ஆரம்பித்தால் நான் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு ஆசையாக, "எங்க போவுதுன்னு நெனைக்கிறீங்க?" என்பேன். உடனே சட்டைப் பையிலிருந்து செல்போன் வெளியே வரும். "இதப் பாருங்க." அதில் யாரோ ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். பார்த்து முடித்துவிட்டு, "சரிங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால், "அதான் அவரே சொல்லிட்டாரே" என்பார்கள். சாப்பாட்டைத் தன் வாயால் சாப்பிடுகிற மனிதர்கள் கருத்துக்கு மட்டும் ஏன் அடுத்தவர் வாயை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்படி வாடகை வாய் தேடாத ஒரே ஆள் என் கூட்டாளிதான். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் அவன் வீடு. தக்காளி போடுகிறான். ஒரு கட்சியில் நெடுநாளாகக் கிளைச் செயலாளர். நான் அதற்கு நேர் எதிர்க் கட்சி. பதவி எல்லாம் இல்லை, ஓட்டோடு சரி. அவன் பதவியாலும் காலணாவுக்குப் பிரயோஜனம் கிடையாது. கட்சித் தலைவர்கள் வரும்போது வைக்கிற ஃபிளெக்ஸில் கடைசி வரிசையில், தபால்தலை அளவுக்கு அவன் முகம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே பஸ் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அவன் மனைவி கேட்டால், அந்த வழியில்தான் காற்று நன்றாக வருகிறது என்பான்.

சின்ன வயதில் நாங்கள் இருவரும் கபடி ஆடியவர்கள். பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாறுமே, அதை எங்கள் பேச்சிலும் வைத்திருந்தோம். கொஞ்ச நேரம் அவனவன் கட்சிக்குப் பேசுவோம். குரல் ஏறி, கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டால், எங்களில் ஒருவன், "மச்சான், பக்கம் மாத்திக்கலாமா?" என்பான். அதற்குப் பிறகு நான் அவன் கட்சிக்காகப் பேச வேண்டும், அவன் என் கட்சிக்காக. ஒப்புக்குப் பேசினால் ஆட்டம் செல்லாது. எதிராளி "ஆமா, நானே இப்பிடிச் சொல்லல" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். என் கட்சியில் நான் எதற்கு இருக்கிறேன் என்பது எனக்கே பல நாள் அவன் சொல்லித்தான் தெரிந்தது.

ஊரில் சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டுவது என்று பேச்சு வந்தது. வெட்ட வேண்டும் என்றது அவன் கட்சி. வெட்டக் கூடாது என்றது என் கட்சி. அன்று கடையில் பக்கம் மாற்றியதும் அவன் மரத்துக்காகப் பேசினான்.

"ரோடு அகலமாவும், சரி. அகலமான ரோட்டுல பஸ்ஸு வர்ற வரைக்கும் எங்க நிப்ப? பிளான் போட்டவரு ஏசி கார்ல போயிருவாரு. வெயில்ல நிக்கறது நம்ம வூட்டுப் பொம்பளைங்க. மரத்த வெட்டறது ஒரு நாள் வேல. நெழலு வர்றதுக்கு ஒரு தலமொற ஆவும்."

யூரியாவுக்குக் காத்திருந்த ஒருவர் இதைச் செல்போனில் பிடித்துவிட்டார். பிடித்தது இந்தத் துண்டு மட்டும். இதற்கு முன்னால் அரை மணி நேரம் அவன் இதே மரங்களைப் பேச்சிலேயே வெட்டிச் சாய்த்திருந்தான். அது வீடியோவில் இல்லை. பொழுது சாய்வதற்குள் ஊர் குரூப் எல்லாவற்றிலும், "சொந்தக் கட்சியைக் கிழித்த கிளைச் செயலாளர்" என்று அது சுற்ற ஆரம்பித்தது.

என் கட்சிக்காரர்கள் சால்வையோடு அவன் வீட்டுக்கே போய்விட்டார்கள். "காப்பி வேணா குடிச்சிட்டுப் போங்க, சால்வ வேண்டாங்க" என்று அவன் மனைவி அனுப்பி வைத்தாள். அவன் கட்சியில் விளக்கம் கேட்டு, பென்னாகரத்தில் இருக்கும் ஒன்றியச் செயலாளரிடம் வரச் சொன்னார்கள். சாட்சிக்கு நானும் கூடப் போனேன். வழியில் வந்த ஃபிளெக்ஸையெல்லாம் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். தபால்தலை அளவு முகம்தான், ஆனால் அது போய்விடுமோ என்று அவன் பயந்தது எனக்குத் தெரிந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஒன்றியச் செயலாளர் எங்களைவிட இளையவர், தங்கமான குணம். அவரைச் சுற்றிக் கட்சிக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணா, நீங்க ஒண்ணும் பேச வேணாங்க. இது ஏஐ-ன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. குரூப்புல போட்டுர்றோம், முடிஞ்சிது" என்றார். என் கூட்டாளி என்னைப் பார்த்தான். சொல்லிவிடு என்று நான் வேகமாகத் தலையை ஆட்டினேன்.

"ஏஐ தானுங்க" என்று முனகினான்.

எல்லாருக்கும் மூச்சு வந்தது. டீ வந்தது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். செயலாளர்தான் பிரியமாக ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்.

"நான் பாத்த ஒடனே சொன்னங்க. நம்ம அண்ணனுக்கு இவ்வளவு கோர்வையா எங்க பேச வருது? மெஷினு பேசுனாத்தான் இப்பிடி வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் காது சிவப்பதைப் பார்த்துவிட்டேன். "டீயக் குடி மச்சான்" என்று தொடையைத் தட்டினேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஏங்க வராது?"

எழுந்து நின்றான். பஸ், வெயில், நிழல் என்று கடையில் பேசிய அத்தனையும் மறுபடி வந்தது. கடையில் விட்டுப்போன, புளியம்பழ ஏலத்தில் ஊருக்கு வரும் பணமும் சேர்ந்துகொண்டது. என் கட்சியில் யாரும் மரத்துக்காக இவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழை வந்த சந்தோஷத்தில் கத்துகிறது, இவனுக்கு என்ன வந்தது என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அறையில் ஒவ்வொரு செல்போனாக மேலே எழுந்தது.

பேசி முடித்து மூச்சு வாங்கினான். "இது அவுங்க பக்கங்க. இப்ப நம்ம பக்கத்தச் சொல்றேன், கேளுங்க."

செயலாளர் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார். "போதுங்கண்ணா."

"இன்னும் பாதி இருக்குதுங்க."

நாற்காலிகள் நகர்ந்தன. செல்போன்கள் பைக்குள் போயின. காலி டீ டம்ளர்களையும் என்னையும் பார்த்துக்கொண்டு அவன் நின்றான். நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டாவது வீடியோ என் போனுக்கு வந்துவிட்டது. "இது ஏஐ அல்ல" என்று கீழே மறக்காமல் போட்டிருந்தார்கள். பின்னாலேயே, கிளைக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்ற செய்தியும் வந்தது.

பாப்பாரப்பட்டி வழியாகப் பாலக்கோடு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. சொன்னாலும் அவன் கேட்கிற ஆள் இல்லை. அதனால், "மறுபாதி என்னா, சொல்லு" என்றேன்.

"அத எதுக்கு இப்ப?"

"நான் எதிர்க்கட்சிக்காரன். எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுவ?"

 அவன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"நெழல்ல நிக்கறவன் பத்து நிமிசம் நிப்பான். ஆம்புலன்சுல படுத்திருக்கறவனுக்கு அந்தப் பத்து நிமிசம் இருக்குதா? நம்ம வளைவுல எதுக்கால வர்ற லாரி மரத்தத் தாண்டித் தெரியாது. அங்க வுழுந்து கைகால ஒடச்சிக்காத வூடு நம்மூர்ல எது? மரம் வேணுங்கிற நீங்க யாராச்சும், வளைவுல மட்டும் வெட்டு, மத்தத விட்டுருன்னு சொன்னீங்களா? சொல்லல. நாங்களாச்சும் சொன்னமா? நாங்களும் சொல்லல. வெட்டுன்னு நாங்க, வெட்டாதன்னு நீங்க. இதச் சொல்றதுக்குத்தான் நான் அங்க நின்னேன்."

இதை அங்கே சொல்ல விட்டிருந்தாலும் பதவி போயிருக்கும் என்பது வேறு விஷயம். நான் யோசித்துப் பார்த்தேன். இவனைப் போல ஒரு எதிராளி எனக்கு வாய்த்ததை நினைத்துப் பெருமையாக இருந்தது, இவன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனவர்களை நினைத்துக் கோபமாகவும் இருந்தது.

"மச்சான், இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றேன்.

அவன் முகம் மாறியது. "அதெப்பிடி இல்லாம போவும்? மாத்திக்கலாம் வா. உன் பக்கத்துக்கு நான் பேசறேன்" என்று ஆரம்பித்தான்.

பாப்பாரப்பட்டி வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஒக்காரு. இன்னும் பாதி இருக்குது."

பாலக்கோட்டுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.