பூங்காவில் ஒலித்த சைரன்

அன்று மாலை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சென்னையில் காடு மாதிரி மரங்கள் அடர்ந்த ஒரு பூங்காவின் நடுவே இருந்தது அந்தத் திறந்தவெளி அரங்கம். மேடைக்குப் பின்னால், தூங்குமூஞ்சி மரத்தடியில், டோலக்கைத் தூக்குவதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். அன்று கச்சேரி செய்த மெல்லிசைக் குழுவில் டோலக் வாசித்தவர் துபாய் போகிறார். அவர் இடம் எனக்குக் கிடைக்குமா என்பது அன்று நான் வாசிக்கும் ஒரே பாட்டில் தெரிந்துவிடும். கிடைத்தால், ஒரகடத்தில் கார்த் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப் வேலைக்குப் பெரிய கும்பிடு.

எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். எல்லோரும் அதே பிரஸ் ஷாப்தான். மற்ற நால்வரும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். செம்பரம்பாக்கம் தாண்டும்வரை பஸ்ஸில் என்னைக் கிண்டலடித்துக்கொண்டு வந்தவர்கள், அங்கே என்னைவிட அதிகமாக நகம் கடித்தார்கள்.

பேச்சு, பொன்னாடை, மறுபடி பேச்சு. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் பாட்டு வந்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. மரங்கள் சத்தத்தை விழுங்கின. நான் வாசிப்பது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முதல் சரணம் தாண்டியதும் கை சூடு பிடித்தது. நண்பர்கள் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். குழுத் தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அப்போதுதான் பூங்கா மூடும் சைரன் ஒலித்தது.

பிரஸ் ஷாப்பில் சைரன் கேட்டால் மெஷின் இறங்கப்போகிறது என்று அர்த்தம்; இரண்டு கையும் உடனே மேலே போய்விட வேண்டும். இல்லையென்றால் விரல் மிஞ்சாது. என் கைகள் டோலக்கை விட்டு எழுந்தன. பாட்டு நொண்டியது. முதல் வரிசையைப் பார்த்தேன்: நான்கு பேரும் கைகளைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் சிரித்தது.

தலைவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "கை நல்லா கீது தம்பி," என்றார். "ஆனா அது உன் பேச்ச கேக்கல. கம்பெனி பேச்ச கேக்குது. நமக்கு ஆவாது."

திரும்பும் பஸ்ஸில் யாரும் கிண்டல் செய்யவில்லை. பக்கத்தில் இருந்தவன் மட்டும், "விடுல, பத்து விரலும் இருக்குல்லா," என்றான். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை ஷிப்டில் சைரன் அடித்தது. ஒரே ஒரு தடவை பேசாமல் கிட என்று கைகளுக்குச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவை எழுந்துவிட்டன.