காருக்கடியில் ஆரத்தி

எங்கள் மயிலாப்பூர் அடுக்ககத்தில் எல்லா மங்கல காரியங்களும் கார் நிறுத்துமிடத்தில்தான் முடியும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தியைச் சுற்றி முடித்ததும் வாசலில் கொட்ட வேண்டும். ஆறு வீட்டுக்கும் சேர்த்து வாசல் என்று இருப்பது அது ஒன்றுதான். ஆகவே ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் காருக்கடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாய் ஏதோ தேங்கியிருந்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. முந்தின நாள்தான் மாடி வீட்டு மாமி புது மருமகளுக்கு ஆரத்தி எடுத்திருந்தார்.

குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "அடுத்தவர் காருக்கடியில் ஆரத்தி கொட்டுவது நாகரிகமா?" கூடவே கும்பிடும் கை ஒன்றையும் போட்டேன். எங்கள் குழுவில் அதுதான் அதிகபட்சக் கெட்ட வார்த்தை.

செவ்வாயும் சிவப்பு. புதனும் சிவப்பு. மாமியே படியிறங்கி வந்தார். "சத்தியமா நான் கொட்டலை மாமா. ஒரு மருமகளுக்கு எத்தனை நாள் ஆரத்தி எடுப்பா?"

நியாயமான கேள்வி. உடனே, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். பொறியியல் படித்து முப்பது வருஷம் அரசுப் பணியில் இருந்த மூளை அது.

என் மனைவிதான் குனிந்து, விரலால் தொட்டு முகர்ந்தாள். "ஆரத்தின்னா இதுக்குள்ள காஞ்சிருக்கும். இது பிசுபிசுங்கறது. கியர் ஆயில்னா இது!" என்றாள். விரலைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் வண்டியையே பார்த்தாள்.

காரணம் உண்டு. ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றவள் அவள். கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமேட்டிக் வண்டி என்பதால்தான் துணிந்தாள். தினமும் மத்தியானம் அடையாறு போய், படுத்த படுக்கையாய் இருக்கும் தன் அம்மாவுக்குச் சாதம் ஊட்டிவிட்டு வருவாள். அதற்கு முன் பல வருஷம் "கொஞ்சம் கொண்டு விடறேளா?" என்று கேட்டு, பேப்பரிலிருந்து தலை நிமிராமல் நான் "பாக்கலாம்" என்று சொல்வதற்காக நின்றவள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: வண்டி படுத்தால் அந்தக் கேள்வி திரும்பி வருமே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

மெக்கானிக்கைப் போனில் கேட்டேன். "சேப்பா ஒழுவுதா சார்? அப்போ கியர் பாக்ஸ எறக்கிப் பாக்கணும். வண்டிய வுட்டுட்டுப் போ, ஒரு மாசம் ஆவும்" என்றார். மனைவி போனை வாங்கி வைத்துவிட்டாள்.

நான் நான்கு வீடியோ பார்த்துவிட்டு, டார்ச்சோடு காருக்கடியில் தவழ்ந்தேன். நடுவில் இருக்கும் கியர் பெட்டியின் அடித்தட்டில்தான் ஓட்டை என்று தீர்ப்பு வழங்கினேன். வெளியே வந்தபோது மீசையில் மண் ஒட்டியிருந்தது. இல்லையென்று சாதிக்கவும் வழியில்லை.

அன்று ராத்திரி மனைவி காருக்கடியில் முன்னிருந்து பின்வரை பழைய பேப்பரை விரித்து வைத்தாள். காலையில் நடுத்தாளில் ஒரு சொட்டு இல்லை. முன்தாளில் மட்டும் சிவப்பு. பானெட்டைத் திறந்தாள். ரேடியேட்டருக்குக் கீழே, கியர் ஆயில் சூடு தணியப் போய் வரும் ரப்பர் குழாயின் முனை ஈரமாக இருந்தது. அதை இறுக்கும் கிளிப் தளர்ந்திருந்தது. தையல் மிஷின் டிராயரிலிருந்து ஸ்குரூடிரைவர் வந்தது. மூன்று சுற்று, அவ்வளவுதான். பிறகு, வண்டியின் கையேட்டில் போட்டிருந்த அதே ஆயிலை வாங்கிவந்து, அளவுக்கம்பி இருக்கும் துளையில் சமையலறைப் புனலை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவு பார்த்தாள். புனலைப் பிடித்துக்கொண்டது நான்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

குழுவில் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு கும்பிடும் கைகளோடு. சாயங்காலம் மாமி ஆரத்தித் தட்டோடு இறங்கிவந்து, வண்டிக்கும் என் மனைவிக்கும் சேர்த்துச் சுற்றினார். "இங்கேயே கொட்டலாமா மாமா, இல்லை குரூப்ல கேக்கணுமா?"

மறுநாள் மத்தியானம் இறங்கிப் பார்த்தேன். வண்டி இல்லை, அது நின்ற இடத்தில் சிவப்பு. குனிந்து தொட்டேன். காய்ந்திருந்தது, மஞ்சள் வாசனையோடு.

அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே அடையாறு போய்ச் சேர்ந்திருந்தாள். போன் செய்தேன். "சாயங்காலம் எனக்கு தி.நகர்ல ஒரு வேலை இருக்கு. கொஞ்சம் கொண்டு விடறியா?"

அந்தப் பக்கம் கிண்ணத்தில் ஸ்பூன் உரசும் சத்தம் கேட்டது.

"பாக்கலாம்" என்றாள்.