மெடிக்கலுக்குப் படியேறிய மாதம்

பஹ்ரைனில் குதைபியாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஆபீஸ். எனக்கு அறுபது வயது நெருங்கும்போது விசா புதுப்பிக்கிற வேளை வந்தது. “பெரியம்மா, இந்தத் தடவை மெடிக்கல்ல பாஸ் ஆகணும். வயசைப் பாப்பாங்க” என்றார் சார்.

பாஸ் ஆகாவிட்டால் ஊர்தான். அங்கே மகன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை; ஆனால் போட்டதைத் தின்கிற சோறு. எனக்கு நான் ஆக்கித் தின்கிற சோறுதான் இறங்கும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையும் எழுதாதவள் நான். மெடிக்கல் என்றால் நடக்கச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், மூட்டை தூக்கச் சொல்வார்கள் என்றே நினைத்தேன். அப்படியானால் என் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டாமா? நாங்கள் இருந்தது நாலாவது மாடி. பத்துக் கிலோ அரிசிப் பையோடு படியேறினேன். எத்தனை இடத்தில் நிற்கிறேனோ அத்தனை கோடு, காலண்டர் தாளில். முதல் நாள் ஐந்து கோடு. எனக்கே வெட்கமாகப் போயிற்று.

வாட்ச்மேன் வங்காளதேசத்துக்காரர். “அம்மா, லிஃப்ட் ஹே நா!” என்று, லிஃப்ட்தான் இருக்கிறதே என்று தினமும் இந்தியில் கத்துவார்.

“லிஃப்ட் உனக்கு பாய், கிழவனுக்கு!” என்பேன். என்னைவிட இருபது வயது சின்னவர்.

ஒரு மாதத்தில் கோடு ஒன்றாகி, பிறகு இல்லாமலே போயிற்று.

மெடிக்கல் அன்று ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடிக்குப் போகச் சொன்னார்கள். சார் லிஃப்ட்டுக்குக் காத்து நிற்க, நான் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறிப் போய் நின்றேன். நர்ஸ் மலையாளத்துப் பெண். கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தவள் முகம் மாறியது.

“அம்மா, பிரஷர் கூடுதலா இருக்கே. இதை எழுதினா டாக்டர் விடமாட்டார். லிஃப்ட்ல வரலையா?”

“படியேறித்தான் வந்தேன். ஓர் இடத்துலகூட நிக்கல.”

“இது என்ன ஓட்டப்பந்தயமா? உக்காருங்க. பேசவே கூடாது.”

என் பவிசே எனக்கு வினையாகிவிட்டதே! ஏறப் பழகினேனே தவிர, சும்மா உட்காரப் பழகவில்லை. சுவரைப் பார்த்து மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பட்டையைக் கட்டினாள்.

“நல்லா இறங்கிடுச்சு! ஏறுறது பெரிசில்லம்மா. ஏறினப்புறம் எவ்வளவு சீக்கிரம் மூச்சு அடங்குது, அதைத்தான் பாக்கணும். உங்க நெஞ்சு கெட்டி.”

பிறகு ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். அவ்வளவுதான்.

“மூட்டை தூக்கச் சொல்லலையே?” என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நாலைந்து நாளில் சார் தாளோடு வந்தார். “பெரியம்மா, ஃபிட்! இன்னும் ரெண்டு வருஷம்.”

“எந்த இடத்துல போட்டிருக்கு, காட்டுங்க” என்றேன். காட்டினார். சின்னதாக மூன்றே இங்கிலீஷ் எழுத்து. விரல் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

“அப்போ இன்னும் ரெண்டு வருஷம், உப்பு பத்தலைன்னா என்கிட்டதான் சொல்லணும்” என்றேன்.