இரண்டு நிமிட முள் வைத்த மயில் மார்க் கடிகாரம்

1. கண்ணாடி மேஜைமேல் ஒரு குடை

கோஷால் பாபு எங்கள் கடிகாரக் கடைக்குள் நுழைந்தது செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. டைரியில் முதலில் திங்கள் என்று எழுதி, அடித்து, செவ்வாய் என்று திருத்தியிருக்கிறேன். அன்று என் மனநிலை அப்படி. பதினொன்றரை என்பது கல்கத்தா நேரம். ரயில்வே நேரப்படி பதினொன்று ஆறு. இந்த இருபத்துநாலு நிமிஷத்தை வாசகர்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல். பவானிபூரில் என் ஜாகைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஈரக் குடையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு, கோர்ட்டில் பேசும் குரலில் கேட்டார். (வங்காளியில் நடந்த பேச்சையும் இங்கிலீஷில் நடந்த பேச்சையும் நம் பேச்சாகவே தருகிறேன்.)

"எங்கேய்யா அந்த மெட்ராஸி பாபு? என் மாப்பிள்ளையை ஹவுரா பிளாட்பாரத்துல உக்கார வெச்ச மனுஷன் எங்கே?"

உள் அறையிலிருந்து கடை முதலாளியான வெள்ளைக்காரத் துரை எட்டிப் பார்த்தார். பழுது பார்க்கும் மேஜையில் இருந்த நிபாரண் பாபு, கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றாமலே என் பக்கம் விரலை நீட்டினார்.

அந்த வாரம் வியாழக்கிழமையோடு என் ஆறு மாதப் புரொபேஷன் முடிகிறது. நிரந்தரமானால் கும்பகோணத்திலிருந்து மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்கும் மாமனாருக்கும் எழுதியாயிற்று. பெட்டி கட்டத் தொடங்கிவிட்டதாகப் பதிலும் வந்துவிட்டது.

2. கூட்டுகிற கம்பெனியும் கழிக்கிற கம்பெனியும்

லால்பஜார் பக்கத்தில் இருந்த எங்கள் கடை, ஸ்விட்சர்லாந்தின் உயர்தரப் பாக்கெட் கடிகாரங்களைத் தருவித்து விற்றது. இரண்டு கம்பெனிகளின் ஏஜென்சி எங்களிடம் இருந்தது. அவற்றின் பிரெஞ்சுப் பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால், உள்மூடியில் இருந்த முத்திரையை வைத்து ஒன்றை மயில் மார்க் என்றும், மற்றதை ஏணி மார்க் என்றும் சொல்வோம்.

மயில் மார்க்காரர்கள் வருஷத்துக்கு ஒன்றைக் கூட்டுவார்கள். ஒரு வருஷம் டயலில் பிறைச் சந்திரன் வந்தது. அடுத்த வருஷம் தேதி. அதற்கடுத்து, மூடிமேல் எனாமலில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியும் இரண்டு புறாக்களும். டயலின்மேல் மூடி போட்ட கனமான ஹண்டர் கேஸ்; மூடியைத் திறந்தால் துப்பாக்கியின் குதிரையை இழுத்தது போலச் சத்தம் கேட்கும்.

ஏணி மார்க்காரர்கள் வருஷத்துக்கு ஒன்றைக் கழிப்பார்கள். முதலில் மூடி போயிற்று. பிறகு எண்களைச் சுற்றியிருந்த பூவேலை போயிற்று. அந்த வருஷத்துச் சாம்பிளில் செகண்ட் முள்ளையும் காணோம். வெள்ளை டயல், பன்னிரண்டு எண், இரண்டு முள், அவ்வளவுதான். அப்பளம் மாதிரி மெல்லிசு.

"அடுத்த வருஷம் பாக்கி ரெண்டு முள்ளையும் எடுத்துடுவான்" என்றார் நிபாரண் பாபு. "அப்புறம் எனக்கும் வேலை இல்லே, உமக்கும் வேலை இல்லே."

இந்தச் சமயத்தில்தான் மயில் மார்க் புதிதாக ஒன்றை அனுப்பியது. ரயில்வேக்காரர்கள் அதுவரை நம் சென்னை நேரப்படிதான் இந்தியா முழுவதும் ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். 1905-இல் அதை விட்டுப் புதிய ஸ்டாண்டர்டு நேரத்துக்கு மாறினார்கள். (சென்னை நேரம் கல்கத்தாவுக்கு முப்பத்துமூன்று நிமிஷம் பின்னால், அது ஏதோ நான் செய்த குற்றம் போல நிபாரண் பாபு பேசுவார்.) புதிய நேரம் இருபத்துநாலு நிமிஷம் பின்னால். ஊரோ தன் பழைய நேரத்தை விடவில்லை. ஆகவே வீட்டில் ஒரு மணி, ஹவுராவில் ஒரு மணி. இதற்கு மருந்தாக மயில் மார்க் இரண்டு நிமிட முள்ளை வைத்தது. தங்க முள் கல்கத்தா நேரம்; நீல முள் ரயில்வே நேரம்.

இரண்டு கம்பெனியும் தத்தம் வழியில் வெகுதூரம் போய்விட்டதால், இரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்க முடியவில்லை. வந்தவர்கள் இதைப் பார்த்து அதைக் கேலி செய்தார்கள். அதைப் பார்த்து இதைக் கேலி செய்தார்கள். துரை என்னைக் கூப்பிட்டார்.

"பாபு, ஒண்ணைத்தான் வெச்சுக்கப் போறேன். எந்தக் கம்பெனி போற திசை இந்த ஊருக்குச் சரி? பார்த்து எழுது. ஒரு மாசம் கழிச்சு வர்ற வியாழக்கிழமை சீமை மெயில்ல லெட்டர் போகணும். சுருக்கமா எழுது."

நான் ஒரு மாதம் இடது பையில் மயிலும் வலது பையில் ஏணியுமாகத் திரிந்தேன். தினமும் பகல் ஒரு மணிக்குக் கோட்டையில் போடும் குண்டுச் சத்தத்தோடு இரண்டையும் ஒத்துப்பார்த்துக் குறித்தேன். இரண்டும் யோக்கியமாகவே ஓடின. ஆனால் மயிலின் கனத்தில் கோட்டு இடப்பக்கம் இறங்கிவிட்டது. "பாபு, இடுப்புல வாயுவா?" என்று டிராம் கண்டக்டர் அனுதாபத்தோடு விசாரித்தான். இன்னொரு விஷயமும் கவனித்தேன். பக்கத்து பாங்கியில் வாசல் காக்கும் தர்வான் முன்னால் நின்று மயிலைத் திறந்தால் சலாம் வைத்தான். ஏணியை எடுத்தால், "மணி என்ன பாபு?" என்று கேட்டான்.

இதையெல்லாம் சேர்த்துப் பதினான்கு பக்கம் எழுதினேன். முடிவு: மயிலே இவ்வூருக்கு ஏற்றது. சலாம் ஒரு காரணம். இரண்டு நேரமும் ஒரே டயலில் தெரிவது பெரிய காரணம்.

3. மாப்பிள்ளைக்கு ஒரு பரிசு

அறிக்கை முடிந்த வாரத்தில் ஜாமாய் ஷஷ்டி வந்தது. ஜ்யேஷ்ட மாதத்தில் வங்காளிகள் மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து, விசிறியால் விசிறி, ஹில்ஸா மீனும் மாம்பழமும் திணித்து, கையில் பரிசு கொடுக்கும் நாள். கோஷால் பாபு அதற்காகத்தான் முதல் முறை கடைக்கு வந்தார்.

ஏணி மார்க்கைக் கையில் வைத்தேன். உள்ளங்கையை ஏற்றி இறக்கிப் பார்த்தார். காதில் வைத்தார். மறு காதில் வைத்தார்.

"மோஷாய், இது உயிரோட இருக்கா?"

"ஓடுது சார். சத்தம் கம்மி. அதுதான் இப்போ நாகரிகம்."

"நாகரிகம் இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுல என் பொண்ணோட நாத்தனார்மார் பன்னிரண்டு பேர் சுத்தி உக்காந்திருப்பாங்க. கைக்குக் கை போகும். கனம் இல்லேன்னா நான் வெத்திலைப் பெட்டி மூடியைக் கொடுத்துட்டேன்னு சொல்லுவாங்க."

மயிலைக் கொடுத்தேன். மூடி திறந்த சத்தத்திலேயே பாதி விலை தீர்ந்துவிட்டது. "நீல முள் எதுக்கு?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் தவறினேன். "நீல முள் ரயில்வே நேரம்" என்ற நான்கு சொல் போதும். எனக்கு எதையும் முழுதாகச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. இருபத்துநாலு நிமிஷம் என்பது சரியாக நம் ஒரு நாழிகை. அவர்கள் பஞ்சாங்கத்தில் ஒரு தண்டம். இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அழகாக ஒரு சீட்டு எழுதிப் பெட்டிக்குள் வைத்தேன்:

'நீல முள் ரயில்வே நேரம் காட்டும். ரயில்வே நேரம் கல்கத்தாவுக்கு ஒரு தண்டம் பின்னால். ஆகவே கால அட்டவணையில் உள்ள நேரத்துக்கு ஒரு தண்டம் கழித்தே ரயில் புறப்படும் என்று அறிக.'

ஒவ்வொரு வாக்கியமும் சரி. கடைசி வாக்கியம் கல்கத்தா கடிகாரத்தைப் பார்ப்பவருக்கு என்று மட்டும் எழுதவில்லை.

4. பிளாட்பாரத்தில் நடந்தது

செவ்வாய்க்கிழமை கோஷால் பாபு அந்தச் சீட்டையே நீதிபதி முன்னால் நீட்டும் தஸ்தாவேஜு போலத் துரையிடம் நீட்டினார். மாப்பிள்ளையும் பின்னால் நின்றார். மூக்குக்கண்ணாடி போட்ட, மெலிந்த, பேசத் தயங்கும் ஆள். முந்தின நாள்தான் அவர் பர்துவானில் வேலையில் சேரவேண்டிய நாள்.

"வண்டி ஒன்பது பத்துக்கு" என்றார் கோஷால் பாபு. "நாங்க எட்டரைக்கே போயாச்சு. வண்டி எதிர்ல நிக்குது. இவர் ஏறலாமான்னு கேட்டார். நான்தான் உக்காரச் சொன்னேன். சீட்டுல என்ன போட்டிருக்கு? ஒரு தண்டம் கழிச்சு! நீல முள் முப்பத்துநாலுக்கு வரட்டும்னேன். நீல முள் பத்துல இருக்கும்போது வண்டி கிளம்பிடுச்சு. 'எங்கே போகுது?'ன்னு இவர் கேட்டார். 'ஷண்டிங் பண்றான், வருவான்'னு சொன்னேன்!"

நிபாரண் பாபுவின் லென்ஸ் கண்ணிலிருந்து மேஜைமேல் விழுந்தது. சிரிப்பை அடக்கியதில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"முப்பத்துநாலு வரைக்கும் உக்காந்திருந்தீங்களா?" என்று துரை கேட்டார்.

"நாற்பது வரைக்கும்" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை.

துரை சீட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். என்னைப் பார்த்தார். "பாபு, முள்ளே நேரத்தைக் கழிச்சுக் காட்டுது. நீ இன்னொரு தடவை கழிக்கச் சொல்லியிருக்கே."

"ஆமாம் சார். தப்பு என்னுடையது" என்றேன். கும்பகோணத்தில் கட்டிய பெட்டியை அவிழ்க்கும் காட்சி கண்ணுக்கு முன் வந்தது.

மாப்பிள்ளை கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏணி மார்க்கைக் காட்டி, "அதை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். கையில் கொடுத்தேன். ஒரு கணம் பார்த்தார்; பையில் போட்டார்; எடுத்தார்; மறுபடி பார்த்தார்.

"இதுக்குச் சீட்டு உண்டா?"

"இல்லை."

"அப்போ இது போதும். ஹவுரா மணிக்கு வெச்சுடுங்க. எனக்கு வேண்டியது ரயில் மட்டும்தான்."

"சீ சீ! நாத்தனார்மார் என்ன சொல்லுவாங்க?" என்று பதறினார் மாமனார்.

"அவங்க எல்லாரும் பார்த்தாச்சே பாபா. இனிமே நான்தான் பார்க்கணும்."

மயிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று துரை கேட்டார். கோஷால் பாபு அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எதுக்கு? இது என்கிட்டயே இருக்கட்டும். கோர்ட்டுக்கு நான் எவ்வளவு லேட்டாப் போனாலும் ரெண்டு முள்ளுல ஒண்ணு சரியா இருக்கும்."

5. வியாழக்கிழமை மெயில்

மறுநாள் காலை என் பதினான்கு பக்கத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். சலாம், கோட்டையின் குண்டு, டிராம் கண்டக்டர் எல்லாவற்றையும் அடித்தேன். முடிவையும் மாற்றி எழுதினேன்; மிஞ்சியது அரைப் பக்கம். அதை அப்படியே தருகிறேன்:

'மயில் மார்க், பிறர் பார்ப்பதற்காகச் செய்யப்படுகிறது. ஏணி மார்க், உடையவர் பார்ப்பதற்காகச் செய்யப்படுகிறது. முதல் வகையை வாங்குகிறவர் யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். இரண்டாம் வகையை வாங்குகிறவர் ரயிலையும் டிராமையும் ஆபீஸையும் பிடிக்க ஓடுகிறவர். இந்த ஊரில் முதல் வகையினர் நம் கடைக்கு வண்டியில் வருகிறார்கள். ஆனால் ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் ஓடுகிறவர்களே தெரிகிறார்கள். முன் அறிக்கையில் நான் கூறிய முடிவு தவறு. விளக்கச் சீட்டு எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.'

துரை ஜன்னல் பக்கம் போய்ச் சிறிது நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு ஏணி மார்க் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். என் புரொபேஷன் பற்றிக் கேட்டேன்.

"பதினாலு பக்கத்துக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அரைப் பக்கத்துக்கு வெச்சுக்கிறேன்" என்றார்.

கடிகாரத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்தக் கம்பெனி அழகு என்று ஒப்பிடுவதற்கு முன்னால், இதை யார் எங்கே நின்றுகொண்டு எடுத்துப் பார்ப்பார் என்று கேளுங்கள். பெட்டிக்குள் ஒரு சீட்டு வைக்கத் தோன்றினால், டயலில் இன்னும் வேலை பாக்கியிருக்கிறது என்று அர்த்தம். நான் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்ட அழகையும் எழுதிவிடுகிறேன். ஆடி மாதம் பிறக்கும் முன்பே மனைவி மெட்ராஸ் மெயிலில் வந்தாள். கடைச் சாம்பிளான ஏணி மார்க்கைத் துரை ஒரு நாளைக்கு இரவல் கொடுத்தார். நான் ஹவுராவுக்குப் போகிறேன் என்பதால், நிபாரண் பாபு எனக்குச் சொல்லிவிட்டே, அதை ரயில்வே நேரத்துக்குத் திருப்பி வைத்துத் தந்தார். அட்டவணையைப் பார்த்தேன். ரயில்வே நேரமாயிற்றே என்று வழக்கம்போல மனசுக்குள் ஒரு நாழிகையைக் கூட்டிக்கொண்டேன். நிதானமாக வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்தேன்.

பிளாட்பாரம் காலியாக இருந்தது. பெட்டிமேல் அவளும், பக்கத்தில் அவள் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். கையில் கடிகாரத்தோடு ஓடிவரும் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"கடியாரக் கடையிலதான் உத்தியோகம்னு எழுதியிருந்தேளே?" என்றாள். "சரியா ஒரு நாழியா உக்காந்துண்டிருக்கோம்."

அவளிடம் கடிகாரம் கிடையாது. நான் ஏணி மார்க்கை எடுத்துப் பார்த்தேன். வண்டி வரவேண்டிய நேரம் கழிந்து இருபத்துநாலு நிமிஷம். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.