பெரிய எழுத்தில் ஒரே ஒரு புத்தகம்

அறிவியல் பாடநூலை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் அச்சகத்து வாசலில் மதினி, என் அண்ணன் மனைவி, நின்ற மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள். எத்தனை முறை கழுவினாலும் போகாத வெள்ளி நிறத் தூள் அவள் கைரேகைகளில் படிந்திருந்தது.

"இந்த எழுத்தைப் பெருசாக்கி ஒரே ஒரு புஸ்தகம் அடிச்சுத் தர முடியுமா தாயி?"

அண்ணன் மகளுக்குப் பிறவியிலேயே பார்வை குறைவு. கண்ணாடி போட்டும் பாடநூலின் வரிகள் அவளுக்குக் கலங்கிய கோடுகளாகத்தான் தெரியும். பெரிய எழுத்தென்றால் வாசித்துவிடுவாள். அதனால், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மதினி, வேலை முடிந்து வந்து பத்தாம் வகுப்புப் பாடங்களை எழுத்துக்கூட்டி மகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தின வருடம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துக்கும் இதையேதான் கேட்டாள். அப்போது எங்களிடம் இருந்தது ஆஃப்செட் இயந்திரம் மட்டும். அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளேட் என்கிற அச்சுத் தகடு போட வேண்டும். மை சீராக விழுவதற்குள் ஒரு கட்டுத் தாள் வீணாகிவிடும். ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் கட்டுபடியாகும். முடியாது என்றேன். திரும்பிப் போனாள். இந்த முறை, காலண்டர் மாதிரிகள் அடிப்பதற்காக வாங்கிய டிஜிட்டல் இயந்திரம் உள்ளே நின்றது. அதற்குப் பிளேட் வேண்டாம். கணினியில் இருப்பதை அப்படியே தாளில் இறக்கும். ஒன்று கேட்டால் ஒன்று.

பக்கம் வடிவமைப்பது என் வேலை. முதலாளியிடம் தயங்கித்தான் கேட்டேன். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். "மிஷின் சும்மா நிக்கிற நேரத்துல அடிச்சுக்கோ. பிள்ளையக் கூட்டியா. அவ கண்ணுக்கு எம்புட்டு வேணும்னு அவளே சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். ஒரே பத்தியைப் பல அளவுகளில் அடித்துக் காட்டினேன். "வெள்ளைத் தாள்ல கண்ணு கூசுது அத்தை" என்றாள் அண்ணன் மகள். மங்கலான மஞ்சள் தாளுக்கு மாற்றினேன். படங்களின் கோடுகளைத் தடிமனாக்கினேன். ஒரு பக்கம் சரியில்லை என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி மறுபடி எடுக்க முடிந்தது. புத்தகம் தடித்துக்கொண்டே போனதால், பாடம் பாடமாகப் பிரித்துச் சுருள்கம்பி போட்டோம்.

முதல் பாடம் கைக்கு வந்ததும், காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து விரலை ஓட்டி வாசிக்கத் தொடங்கினாள். மதினி பக்கத்திலேயே நின்றாள். சற்று நேரத்தில் மகள் கேட்டாள்: "அம்மா, இந்தப் பத்திய நீ எனக்கு வாசிச்சதே இல்லையே?"

மதினியின் முகம் சுருங்கிவிட்டது. "வாய்ல நுழையாததையெல்லாம் தாண்டிட்டேன்த்தா. அதுலருந்து கேள்வி வந்து, நீ கோட்டை விட்டா என்னாலதானேன்னு தெனமும் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

தலை நிமிராமலே மகள் சொன்னாள்: "இனி நான் பாத்துக்கிடுதேன். நீ உக்காரும்மா."

மதினி உட்கார்ந்தாள். அவளிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளிப்பட்டது. அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தப் பெண் விருதுநகரில் கல்லூரியில் படிக்கிறாள். பாடங்களைத் தானே கணினியில் பெரிதாக்கி எனக்கு அனுப்பிவிடுகிறாள். அச்சடித்ததை வாங்கிப் போக மதினிதான் வருவாள். இது என்ன பாடம் என்று வேண்டுமென்றே கேட்பேன்.

"எனக்கென்ன தெரியும்? அவ படிக்கிறா" என்பாள். நான் வாங்கித் தரும் டீயைக் குடித்து முடித்துவிட்டு, சாவகாசமாகப் பஸ் ஏறப் போவாள்.