தெரியாத கேள்விக்கு ஒரு காசு

நாலாம் வகுப்பு டீச்சர் ஒரு சிறுமிக்கு ஒரு காசு கடன்பட்டிருந்தார். அந்தக் கடனை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் வாரம் என் கடைப்படி ஏறி, "சில்லறையா குடுங்கண்ணே, பளபளன்னு இருக்கறதா பாத்து" என்பார்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். நடைபாதையில் கோணி விரித்துப் பென்சில் விற்றவன், இன்று மூன்று கதவு வைத்த நோட்டுப்புத்தகக் கடைக்கு முதலாளி. பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் கணக்கு எழுதுகிறார்கள். ஆளைப் பார்த்ததும் எடைபோட்டுவிடுவேன். இந்த அம்மாளை எடைபோடத்தான் வெகுகாலம் பிடித்தது.

ஓர் அடிக்கோல் வாங்க அரைமணி நேரம் நிற்பார். ரப்பரை முகர்ந்து பார்ப்பார். பென்சிலை வெயிலில் பிடித்துச் சுழற்றுவார். "ஏண்ணே, ஸ்கேல்ல பூஜ்யம் ஓரத்துல இல்லாம கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கே, எதுக்கு?" ஐம்பது வருஷமாக விற்கிறேன், நான் கவனித்ததே இல்லை. தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமுமில்லை. கம்பெனிக்காரன் வசதி என்று ஒரு போடு போட்டேன். நம்பாத முகத்தோடு, மரியாதையாகத் தலையாட்டினார்.

சில்லறை எதற்கென்றால், வகுப்பில் அவருக்கே விடை தெரியாத கேள்வியை எந்தப் பிள்ளை கேட்டாலும் கையில் ஒரு காசு. தெரியாததற்கெல்லாம் காசு கொடுத்தால் என் கடை மூன்று நாளில் திவால் என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். அன்றுதான் கடனைப் பற்றிச் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். தண்ணீருக்கு நிறமில்லை என்று பாடம் நடத்தியிருக்கிறார். நிறமே இல்லாத தண்ணீர் பட்டால் துணி ஏன் கறுக்கிறது என்று கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கியபடி எழுந்து கேட்டாளாம். இவருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். பாடத்தில் இருப்பதை மட்டும் கேள் என்று அதட்டி உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்தவள்தான், அந்த வருஷம் முழுக்க மறுபடி எழுந்திருக்கவில்லை. விடையை இவர் தேடிப் படித்து முடிப்பதற்குள் அவள் பள்ளியை விட்டே போயிருந்தாள்.

"அவ கை கீழ இறங்கினது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதுண்ணே."

இந்த ஆண்டும் சில்லறையை எண்ணி அவர் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்கு நோட்டு வாங்க ஒரு பெண் வந்தாள். அடுத்த தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள், என் வெள்ளைச் சட்டைகளெல்லாம் அவள் தேய்த்தவைதான்.

"டீச்சர், என்னைத் தெரியுதா? நாலாவது உங்ககிட்டதான் படிச்சேன்."

டீச்சர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர், துணி, கடைசி வரிசை என்று மூச்சுவிடாமல் சொன்னார். அவள் கூச்சத்தோடு சிரித்தாள்.

"நானா? வேற யாரையோ நெனச்சுப் பேசறீங்க. நான் வாயே திறக்க மாட்டேனே. ரொம்ப அடக்கமான பொண்ணுன்னு நீங்கதான ரிப்போர்ட்ல எழுதினீங்க. எங்கம்மா அதை வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் காட்டுவாங்க."

டீச்சர் விடவில்லை. நாள் முழுக்கத் துணிக்குத் தண்ணீர் தெளிக்கிறாயே, ஏன் கறுக்கிறது என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லையா என்றார்.

"தெளிச்சா கறுக்கும், தேய்ச்சா சரியாயிடும். இதுல யோசிக்க என்ன இருக்கு டீச்சர்?"

எதற்கும் கைவசம் பதில் வைத்திருக்கும் நான், மேசையில் கிடந்த அடிக்கோலைத் திருப்பித் திருப்பி வைத்தேன்.

"கையை நீட்டும்மா" என்றார் டீச்சர்.

எதற்கு என்று கேட்காமலே நீட்டினாள். டீச்சர் சுருக்குப்பையைப் பிரித்து, வருஷத்துக்கு ஒன்றாக இருபத்து மூன்று காசுகளை, சூடு பட்டுக் காய்த்த அந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.