மூலைக்கு மூலை பிடித்த கயிறு

மழை விட்ட திடலில் சுண்ணாம்புத் தூள் கொட்டினால் ஒரு வாசனை வரும், பாதி ஈரப்புல், பாதி புதிதாக வெள்ளையடித்த சுவர். கிள்ளானில் நான் படித்த தமிழ்ப்பள்ளியின் திடலை நாங்கள் ‘பாடாங்’ என்றுதான் சொல்வோம். அந்த வாசனை எங்கே வந்தாலும் என்னோடு படித்தவர்களுக்கு விளையாட்டுப் போட்டி ஞாபகம் வருமாம். எனக்கு ஷாலினி ஞாபகம் வருவாள், கூடவே அடிவயிற்றில் அந்தப் பழைய எரிச்சலும் வரும்.

ஐந்தாம் ஆண்டு வரைக்கும் கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வகுப்பின் பின்சுவரில் ‘கணித நட்சத்திரம்’ என்று ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். மாதச் சோதனையில் முதலாவதாக வருபவரின் பெயரைத் தாளில் எழுதி அதில் ஒட்டுவார்கள், ஒட்டியது எப்போதும் என் பெயராகத்தான் இருக்கும். பெற்றோர் சந்திப்பு நாளில் அம்மா ஆசிரியரைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார், அதுவும் பக்கத்து வீட்டு ஆன்டியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து. ஷாலினி எனக்குப் பக்கத்து நாற்காலி. போர்ட் கிள்ளானிலிருந்து பள்ளி வேனில் வருவாள், கணக்கில் ஐம்பதைத் தாண்டினாலே பெரிய விஷயம். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். ஐம்பது வாங்குகிறவளை யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த ஆண்டு காஜாங்கிலிருந்து வசந்தி டீச்சர் மாற்றலாகி வந்தார். வந்த வேகத்தில், இந்த மாதம் சோதனைத் தாள் கிடையாது, கணக்கைச் செய்து காட்ட வேண்டும், செய்ததை வாயால் விளக்க வேண்டும், அதற்கு ஒன்றிலிருந்து ஆறு வரை நிலை கொடுப்பேன், அட்டையில் பெயரும் அதை வைத்துத்தான் என்று அறிவித்துவிட்டார். விளையாட்டுப் போட்டிக்காகப் பாடாங்கில் இரண்டு ‘காலா பாஞ்சாங்’ கட்டம் போட வேண்டியிருந்தது. கோட்டில் நின்று காவல் காப்பவர் கையில் படாமல் கட்டத்தைக் கடந்து போய்த் திரும்பி வரும் ஆட்டம் அது. ஒரு செவ்வகத்தை என் குழுவும், அதே அளவில் இன்னொன்றை ஷாலினியின் குழுவும் போட வேண்டும். குழுவுக்கு ஒரு அளவு நாடா, கயிறு, நான்கு குச்சி, சுண்ணாம்பு.

நாடாவைப் பிரிப்பதற்குள் நான் சுற்றளவையும் பரப்பளவையும் வாயாலேயே சொல்லிவிட்டேன். நான்கு பக்கங்களையும் இம்மி பிசகாமல் அளந்து, குச்சி நட்டு, கோடு போட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்து பார்த்தால் ஷாலினி இன்னும் ஒரு குச்சியைப் பிடுங்குவதும் நடுவதுமாக இருந்தாள். பாவம் என்றுகூட நினைத்தேன்.

டீச்சர் எங்கள் எல்லாரையும் மாடி நடைபாதைக்குக் கூட்டிப்போய், கீழே பாருங்கள் என்றார். ஷாலினியின் கட்டம் புத்தகத்தில் அச்சடித்தது போல இருந்தது. என்னுடையதில் நீளம் சரி, அகலம் சரி, ஆனால் யாரோ ஒரு மூலையைப் பிடித்து இழுத்துவிட்டது போல மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. எப்படிப் போட்டாய் என்று டீச்சர் என்னைக் கேட்டார், நான் நீளம் பெருக்கல் அகலம் என்று ஒப்பித்தேன்.

“சூத்திரம் சரிம்மா, கட்டம் ஏன் சாஞ்சிருக்கு?”

நான் அதே சூத்திரத்தை மறுபடியும் ஒப்பித்தேன். பிறகு ஷாலினியைக் கேட்டார்.

“மூலைக்கு மூலை கயிற புடிச்சிப் பார்த்தேன் டீச்சர். ஒரு பக்கம் நீளமா வந்துச்சி, இன்னொரு பக்கம் குட்டையா வந்துச்சி. ரெண்டும் ஒன்னா வர்ற வரைக்கும் குச்சிய நகத்தி நகத்தி வெச்சேன்.”

அவளுக்கு ஆறு, எனக்கு நான்கு. மஞ்சள் அட்டையில் என் பெயருக்கு மேலேயே அவள் பெயரை ஒட்டினார்கள்.

அதுவரை மற்றவர்கள் என்னைப் பார்த்துப் பட்ட பொறாமைதான் எனக்குத் தெரியும். நானே பட்டால் அது தொண்டை வரைக்கும் கசக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அவளுடைய ரிப்பன், அவள் பென்சில் சீவும் சத்தம், இடைவேளையில் அவள் பிரிக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், எல்லாமே எனக்கு எரிச்சலைக் கிளப்பின. மழை கொட்டி அவள் கட்டம் கரைந்துபோக வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். கிள்ளானில் சாயங்கால மழைக்கு வேண்டுதலே தேவையில்லை. அது வந்து, பாரபட்சமில்லாமல் இரண்டு கட்டங்களையும் கழுவிவிட்டுப் போனது. மறுநாள் டீச்சர் ஷாலினியைக் கூப்பிட்டு இரண்டையும் அவளே போடட்டும் என்று சொல்லிவிட்டு, கயிற்றின் மறுமுனையை என் கையில் கொடுத்தார்.

“நல்லா இழுத்துப் புடி லா, லூசா விட்டா தப்பாயிரும்” என்றாள் ஷாலினி. சொன்ன குரலில் கேலி இல்லை, பெருமை இல்லை, எப்போதும் போலத்தான் பேசினாள். அவள் கொஞ்சம் அலட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் லோரி ஓட்டப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டார். பெற்றோர் சந்திப்பு நாளில் ஆன்டிக்குப் பக்கத்தில் நின்று அட்டையிலிருந்த ஷாலினியின் பெயரைப் பார்த்தவர், திரும்பும் வழியில் சொன்னார்.

“அந்தப் பிள்ளைக்குக் குடுத்த கயிறு நல்ல கயிறா இருந்திருக்கும்.”

அன்றைக்கு அம்மாவை எனக்குப் பிடித்தது போல் என்றைக்கும் பிடித்ததில்லை. அடுத்த மாதம் சோதனைத் தாள் திரும்பி வந்தது, என் பெயரும் அட்டைக்குத் திரும்பியது. ஆனால் மேலே ஒட்டிய தாள் கொஞ்சம் சிறியது; ஓரத்தில் ‘ஷா’ மட்டும் ஆண்டு முடியும் வரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

இப்போது அந்தப் பாடாங்கில் பாதியைக் கார் நிறுத்துமிடம் தின்றுவிட்டது. மஞ்சள் அட்டை எந்த வகுப்பிலும் இல்லை, ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வே போய்விட்டது, பிரிக்ஃபீல்ட்ஸில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகளின் தேர்ச்சி அறிக்கையில் வெறும் நிலைகள்தான் இருக்கின்றன. யார் ஃபர்ஸ்ட் என்று கேட்டால் எதில் என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். போன சனிக்கிழமை, பள்ளியில் கொடுத்த வேலை என்று அவளும் தோழி யாழினியும் எங்கள் அடுக்குமாடியின் கீழே கயிறும் சுண்ணக்கட்டியும் வைத்துக்கொண்டு ஒரு செவ்வகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். படியில் நின்றபடியே, மூலைக்கு மூலை அளந்தாயா என்று குரல் கொடுத்தேன்.

“அதெல்லாம் யாழினி பார்த்துட்டாம்மா. எனக்கு வரல, அவதான் சொல்லிக் குடுத்தா.”

போன தடவை யாழினிக்கு எத்தனை என்று என் வாய் கேட்டேவிட்டது. அது என் அம்மாவின் குரலாகவே இருந்தது.

“அவளுக்கு ஆறு, எனக்கு நாலு” என்று சொல்லிக்கொண்டே கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஓடினாள். கயிறு விறைப்பாக நின்றதும் இரண்டு பேரும் கத்திச் சிரித்தார்கள். மகளின் முகத்தில் அந்த எரிச்சல் கொஞ்சமாவது தெரிகிறதா என்று நான் இறங்கிப் போய்க்கூடத் தேடிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஷாலினிக்குப் பிறகு நான் அந்த அளவுக்குப் பொறாமைப்பட்டது என் மகளைப் பார்த்துத்தான்.